தேயிலைப் பத்தியில் வாங்கிய மைனஸ் நான்கு

2023 ஜூன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே சாரல் விட்டபாடில்லை. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லைன் வீட்டில் கதகதப்பான இடம் அடுப்படி ஒன்றுதான். அங்கேயே பலகையைப் போட்டு உட்கார்ந்து, பழைய லேப்டாப்பில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வின் ஆங்கிலப் பிரிவுக்கு மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். படித்துப் பதில் சொல்ல வேண்டிய பத்திகளில் மூன்றாவதைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரலாறு! ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி, கடன், லயம் எனும் வரிசை வீடு, கூலி. இதைப் படிக்கவே வேண்டாம், எழுதியே கொடுப்பேன் என்ற திமிரில் நான்கு கேள்விகளையும் ஐந்து நிமிடத்தில் தட்டிவிட்டேன்.

நான்கும் தப்பு. மைனஸ் நான்கு.

அதே தேர்வில் ஆக்டோபஸின் மூளையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஆக்டோபஸை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதில் நான்குக்கு மூன்று சரி. அன்று ராத்திரி இந்த இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வருடமாகப் படித்ததில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு ராத்திரியில்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், பிறகு ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம்., அதற்குப் பிறகு குன்னூரில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று தோன்றியபோது கேட் தேர்வைப் பற்றித் தெரிந்தது. (எஞ்சினியர்கள் எழுதுவதும் கேட்தான், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். எங்கள் வீட்டில் என்னுடையதற்குப் 'பூனை கேட்' என்று பெயர்.)

இது இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐ.ஐ.எம்.கள் நடத்தும் பொது நுழைவுத் தேர்வு. நவம்பர் மாதக் கடைசி வாக்கில் ஒரு ஞாயிறு, மொத்தம் இரண்டு மணி நேரம். ஆங்கிலம், தரவு ஆய்வு, கணக்கு என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். முதலில் வருவது ஆங்கிலம். அது முடியும்வரை அடுத்ததற்குப் போக முடியாது, முடிந்த பிறகு திரும்பியும் வர முடியாது. நான் எழுதிய இரண்டு வருடமும் ஆங்கிலத்தில் 24 கேள்விகள். நான்கு பத்திகள், பத்திக்கு நான்கு கேள்வி, ஆக 16. மீதி எட்டில் வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, ஒட்டாத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது, சுருக்கத்தைத் தேர்ந்தெடுப்பது போன்றவை. சரியென்றால் மூன்று மதிப்பெண், தப்பென்றால் ஒன்று போகும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மட்டும் மைனஸ் கிடையாது.

சொல்லுக்குப் பொருள் என்ன, இலக்கணப் பிழை எங்கே என்ற மாதிரி நேரடிக் கேள்விகள் எதுவும் அதில் இல்லை. இதைக்கூடப் பார்க்காமல் 2022-ல் முதல் முறை எழுதப் போனேன். எட்டு மாதம் தினமும் முப்பது ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். நோட்டு நிறைந்தது. தேர்வில் 23 கேள்விக்கு விடை போட்டேன். விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்தால் எட்டு சரி, பதினைந்து தப்பு. தப்பில் நான்கு மைனஸ் இல்லாதவை. 24-ல் பதினொன்று போக 13 மதிப்பெண். கணக்கு எழுதுகிறவள் நான். லாபத்தில் பாதிக்குக் கிட்ட நஷ்டத்தில் கரைந்திருக்கிறதே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கோ, இன்னும் நிறைய சொற்கள் படிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. ஒரு ஆன்லைன் கோச்சிங்கில் பணம் கட்டிச் சேர்ந்தேன். எங்கள் லைனில் கிடைக்கிற சிக்னலுக்கு அவர்களுடைய வீடியோ ஓடவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், வரவில்லை. அதை அத்தோடு விட்டுவிடுகிறேன்.

இப்போது தேயிலைப் பத்திக்கு வருகிறேன். அதை எழுதியவர் ஒரு நுட்பமான விஷயத்தைச் சொல்லியிருந்தார்: கங்காணியை வெறும் கொடுமைக்காரனாக மட்டும் பார்த்தால் போதாது, தொழிலாளர்கள் அவன் வழியாகவே துரையிடம் பேரம் பேசியதும் உண்டு, அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார். நான் அதைப் படிக்கவே இல்லை. படிக்கிற மாதிரி கண்ணை ஓட்டினேன், உள்ளே ஓடியது தாத்தா சொன்ன கதை. 'ஆசிரியர் எதை ஒப்புக்கொள்வார்?' என்ற கேள்விக்கு, என் தாத்தா எதை ஒப்புக்கொள்வாரோ அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தாத்தா சொன்னது உண்மைதான். ஆனால் கேள்வி தாத்தாவைப் பற்றியது இல்லையே. ஆக்டோபஸ் விஷயத்தில் எனக்கு எதுவும் தெரியாது. அதனால் எழுதியவர் சொன்னதைத் தவிர என் கையில் வேறொன்றும் இருக்கவில்லை. அதுதான் காப்பாற்றியது.

அன்றைக்குப் பிறகு, எனக்குப் பழக்கமான விஷயத்தில் பத்தி வந்தால் பயப்பட ஆரம்பித்தேன். அந்தப் பயம் நல்லது.

அடுத்த பிரச்சினை, விடைகளில் இரண்டு எப்போதும் சரிபோலவே தெரிவது. இதற்கு வழி கிடைத்தது அம்மாவிடமிருந்து. அவருக்குத் தெரியாமல்.

மழை நாளில் கொழுந்து எடை போடும் ஷெட்டில் நின்றிருக்கிறீர்களா? சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள், முள் இருபத்து நான்கு காட்டும், ரைட்டர் நோட்டைப் பார்த்தபடியே "தண்ணி ரெண்டு" என்று சொல்லிக் கழித்து எழுதிவிடுவார். இலையில் ஒட்டியிருக்கும் ஈரத்துக்கான கழிவு அது. எங்கள் அம்மா கத்தரியில் வெட்டிய கொழுந்தை அப்படியே பைக்குள் தள்ள மாட்டார். கத்தரியை இரண்டு தட்டுத் தட்டி, தண்ணீரை உதறிவிட்டுத்தான் போடுவார். ஒருநாள் ஷெட்டில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, எதற்கு இத்தனை மெனக்கெடுகிறார் என்று கேட்டேன்.

"எப்படியும் கழிக்கத்தான் போறான். அதை நான் எதுக்குடி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் முதுகுல சுமக்கணும்?"

அன்று ராத்திரி விடைகளை வேறு மாதிரி பார்த்தேன். ஒவ்வொரு விடையிலும் பத்தியில் இருந்து வந்த இலை எவ்வளவு, கேள்வி தயாரித்தவர் தெளித்த தண்ணீர் எவ்வளவு? உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன். பத்தியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'சிறு நகரங்களில் நூலகங்கள் மூடப்படுவதற்குப் பணமின்மை ஒரு காரணம், வாசகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்பதற்கில்லை.' ஆசிரியரின் கருத்து என்ன என்று கேட்டு நான்கு விடை கொடுக்கிறார்கள். பணமின்மையால்தான் நூலகங்கள் மூடப்படுகின்றன என்பது முதல் விடை. இதில் 'ஒரு காரணம்' என்பது 'தான்' ஆகிவிட்டது, அந்தத் 'தான்' தண்ணீர். வாசகர்கள் குறையவில்லை என்பது இரண்டாவது. ஆசிரியர் அப்படிச் சொல்லவே இல்லை, அப்படியே ஏற்பதற்கில்லை என்றுதான் சொன்னார். வாசகர் குறைவு பற்றிய பேச்சைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது. நூலகங்களுக்கு அரசு நிதி தர வேண்டும் என்பது நான்காவது. நியாயமான ஆசைதான், உங்களுக்கும் எனக்கும் உண்டு, பத்தியில் இல்லை. மூன்றாவதுதான் விடை. பார்க்க அது சப்பென்று இருக்கும். சரியான விடை பெரும்பாலும் இப்படி அடக்கமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஒரு எச்சரிக்கை. 'மட்டுமே', 'எல்லா', 'ஒருபோதும்' போன்ற சொற்கள் இருந்தாலே தப்பு என்று சிலர் சூத்திரம் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆசிரியரே 'மட்டுமே' என்று அழுத்திச் சொல்லியிருந்தால் அது தண்ணீர் இல்லை, இலை. பத்திக்குத் திரும்பிப் போய் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அந்த இருபது விநாடிச் சோம்பலில்தான் மைனஸ் வருகிறது.

ஆபீஸ் பழக்கத்தில் தப்புகளுக்கு ஒரு பேரேடு போட்டேன். ஒவ்வொரு தப்பான விடைக்கும் நேராக, ஏன் தப்பியது என்று ஒரே சொல்லில் எழுதுவேன். 'தாத்தா' என்றால் எனக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொன்னது. 'தண்ணி' என்றால் கூட்டிச் சொன்னதைக் கவனிக்காதது. 'கேட்காதது' என்றால் பத்தியில் இருக்கிறது, ஆனால் கேள்வி அதைப் பற்றி இல்லை. 'புரியல' என்றால் நிஜமாகவே வாக்கியம் புரியவில்லை. மாதக் கடைசியில் கூட்டினேன். எட்டு மாதம் சொல் மனப்பாடம் செய்த எனக்கு, சொல்லுக்குப் பொருள் தெரியாமல் போன தப்பு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மற்றதெல்லாம் தாத்தாவும் தண்ணியும்.

'புரியல' கணக்கில் வந்தவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது உதவும். தமிழில் 'நேற்று மழையில் நனைந்தபடி வந்த, எதிர் லைனில் இருக்கும் பெண்' என்று விவரமெல்லாம் முன்னால் வந்து ஆள் கடைசியில் வருவாள். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுவாள். விவரங்கள் 'ஹூ', 'விச்', 'தட்' என்று வால் மாதிரி பின்னால் தொங்கும். நான் மனதுக்குள் தமிழாக்கிப் படித்துக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு நீள வாக்கியத்திலும் கடைசிவரை போய், மறுபடி முன்னால் வந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வேகம் அங்கேதான் போனது. அதற்குப் பிறகு, வால் தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் முதலில் படித்தேன். யார், என்ன செய்தார். வாலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் கோடு போடாமலே கண் அங்கே நின்றது.

வாக்கியத்தைத் தமிழாக்க வேண்டாம் என்றேன். ஆனால் பத்தியின் சாரத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள் என்பேன். இது முரண் இல்லை. எங்கள் ஸ்டாப்பில் ஏறினால் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு நாற்பது நிமிடம், காட்டெருமை ரோட்டை மறிக்காமல் இருந்தால். ஆங்கிலப் பிரிவுக்கும் நாற்பது நிமிடம் என்பதால் பஸ்ஸில் பயிற்சி எடுக்கலாம் என்று போனைத் திறந்தேன். மூன்றாவது வளைவில் குமட்டிக்கொண்டு வந்தது. மலை ரோட்டில் படிப்பது என்பது நடக்காத காரியம். அதனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு கட்டுரையைப் படிப்பேன். ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், யாரை மறுக்கிறார் என்று இரண்டே வாக்கியத்தில் தமிழில் எனக்குள் சொல்லிப் பார்ப்பேன். முதலில் எட்டு வாக்கியம் வரும். அதில் எது உதாரணம், எது கருத்து என்று பிரித்துக் குறைக்க வேண்டும். சில நாள் குன்னூர் வரும்வரை குறையாது. 'யாரை மறுக்கிறார்' என்பதுதான் சாவி. இப்படிப்பட்ட பத்திகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எதையோ, யாரையோ மறுக்கத்தான் எழுதுகிறார்கள்.

படித்தது என்ன? ஏயான் இணைய இதழின் கட்டுரைகள்தான் அதிகம். கேட் பத்திகளின் நடைக்கு மிக நெருக்கம், அதிலிருந்தே எடுத்ததும் உண்டு. ஆபீஸ் வைஃபையில் நான்கைந்தைச் சேமித்து வைத்துக்கொள்வேன். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் போனில் சார்ஜ் இருக்கும்வரை கவலை இல்லை. ஹிந்து தலையங்கமும் படித்தேன், நல்லதுதான். ஆனால் அரசியல் செய்தி என்றால் நமக்கு முன்பே ஒரு கருத்து இருக்கும், மறுபடி தாத்தா வந்துவிடுவார். எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத தத்துவம், கட்டடக்கலை, பறவை ஆராய்ச்சி என்று தேடிப் படித்ததுதான் பலன் கொடுத்தது.

எல்லாவற்றையும் விட முக்கியம் பழைய வினாத்தாள்கள். 2017-லிருந்து உள்ளவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோச்சிங்காரர்களின் மாதிரித் தேர்வுகளில் சில கேள்விகளுக்கு விடையே சந்தேகமாக இருக்கும். ஐ.ஐ.எம்.காரர்கள் கேட்ட கேள்வியில், தப்பான மூன்றும் ஏன் தப்பு என்று சொல்ல முடியும். அதைச் சொல்லிப் பழக வேண்டும், சத்தமாக. ஒவ்வொரு வினாத்தாளையும் மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை விடை ஞாபகம் இருக்கும்தான். ஆனால் காரணம் சொல்கிறேனா என்பதுதான் பரீட்சை.

மீதி எட்டுக் கேள்விகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வாக்கிய வரிசையில் 'திஸ்', 'தே', 'சச்' போன்ற சுட்டுச்சொல் எதைச் சுட்டுகிறது என்று பிடித்தால் இரண்டு வாக்கியம் ஜோடி சேரும். ஒருவரின் முழுப்பெயர் வருவது முன்னால், வெறும் குடும்பப்பெயர் வருவது பின்னால். தட்டச்சு செய்யும் கேள்விக்கு மைனஸ் இல்லையென்றால் காலியாக விடாதீர்கள். சுருக்கம் கேட்டால், அங்கேயும் தண்ணீர்க் கழிவுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, நான்கு பத்திகளின் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்து, இருப்பதில் கஷ்டமானதைக் கடைசிக்குத் தள்ளினேன். பத்திக்கு ஒன்பது நிமிடம் என்று மூன்று பத்தி, மீதி பதின்மூன்று நிமிடம் இந்த எட்டுக்கு. நான்காவது பத்தியைத் தொடாமல் விடுவதற்கு மனசைப் பழக்குவதுதான் பெரும்பாடு. ஸ்கூலில் 'எல்லாக் கேள்விக்கும் ஏதாவது எழுது' என்று சொல்லி வளர்த்த கை இது.

2023 நவம்பர் 26 தேர்வு. எனக்குக் கோவையில் மையம். மலையில் இருந்து எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நவம்பர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை. அந்த வாரம் கோத்தகிரி-மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தது, மலை ரயிலையும் நிறுத்தியிருந்தார்கள். சனிக்கிழமையே குன்னூர் வழியாக இறங்கிச் சித்தி வீட்டில் தங்கிவிட்டேன். காலையில் கிளம்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வாசலில் ஜெர்கினைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏ.சி. குளிர். ஊட்டிக் குளிருக்குப் பழகியவளே நடுங்கினேன், பாக்கெட் இல்லாத ஸ்வெட்டர் ஒன்று எடுத்துப் போயிருக்கலாம்.

திரையில் வந்த பத்திகளில் ஒன்று பிரான்ஸின் தெற்கே லோசேர் என்ற மலை மாவட்டத்தைப் பற்றியது. பள்ளிக்கூடம் இல்லை, வேலை இல்லை, போன் சிக்னல் இல்லை என்று ஊர்த் தலைவர்கள் புலம்புகிறார்கள். போன நூற்றாண்டில் அற்றுப்போன ஓநாய்கள் இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கின்றன, ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கு அது புதுத் தலைவலி. இரண்டாவது வரியிலேயே எனக்குள் காட்டெருமையும் சிறுத்தையும் நுழைந்துவிட்டன. எதிர் லைன் நாய் காணாமல் போனது, பாத்ரூமுக்கு டார்ச்சோடு போவது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பென்சில் இல்லை, கொடுத்திருந்த தாளில் பேனாவால் 'தாத்தா' என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். பிறகு முதல் வரிக்குத் திரும்பி மெதுவாகப் படித்தேன். அந்தப் பத்திக்குப் பதினொரு நிமிடம் ஆனது. நான்கும் சரி.

16 கேள்விக்குத்தான் விடை போட்டேன். 12 சரி, நான்கு தப்பு, அதில் ஒன்றுக்கு மைனஸ் இல்லை. 36-ல் மூன்று போக 33. முதல் தடவையை விட ஏழு கேள்வி குறைவாகப் போட்டு, இரண்டு மடங்குக்கு மேல் மதிப்பெண். ஆங்கிலத்தில் பெர்சென்டைல், அதாவது நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினோம் என்ற கணக்கு, அறுபது சொச்சத்திலிருந்து தொண்ணூறைத் தாண்டியது. தரவு ஆய்வு காலை வாரியதால் ஐ.ஐ.எம். கிடைக்கவில்லை. ஆங்கில மதிப்பெண்ணைக் காட்டி வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தது.

தேர்வு முடிந்து வெளியே வந்து, ஜெர்கினை வாங்கிப் போட்டுக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். சிக்னலுக்காகத் தண்ணீர் டேங்க் மேட்டில் ஏறி நின்றபடிதான் பேசியிருப்பார். காற்றுச் சத்தம் கேட்டது.

"என்னடி கேட்டான்?"

பஸ் பழக்கத்தில் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். பிரான்ஸில் ஒரு மலை ஊர், ஸ்கூல் இல்லை, வேலை இல்லை, டவர் இல்லை. இப்போது ஓநாய் வேறு திரும்பி வந்துவிட்டது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பிரான்ஸ்லயா?" என்றார். "அங்கயுமா டவர்..."

லைன் கட்டாகிவிட்டது.